வத்தல் வச்சுக் கட்டுனவ

தும்மு தாயி, நல்லாத் தும்மு. அடக்காத. எம் பைதான். குண்டு மொளகா வத்தல். இந்த வருசத்து மொதப் பறிப்பு, நேத்துச் சாயங்காலம்தான் களத்துலருந்து அள்ளுனேன். வெயிலு சூடு கூட இன்னும் ஆறலை, அதான் நெடி தூக்கிக் குடுக்குது. ஏறும்போது அந்தக் கண்டக்டரு போட்ட சத்தத்தைக் கேட்டேல்ல? பையைக் கொண்டுபோயிப் பின்னாடி போடணுமாம், இல்லாட்டி இறங்கணுமாம். நானும் இறங்க மாட்டேன், எம் பையும் இறங்காது, டிக்கெட்டக் கிழின்னுட்டேன். கிழிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டாரு. இந்தா, நீ இந்த சன்னலு பக்கம் வந்து உக்காரு.

எங்கிட்டுப் போற? மதுரைக்கா? நானும் அங்கிட்டுத்தான். ஆசுபத்திரிக்கு. எங்க வீட்டுக்காரரு அங்க பதினெட்டு நாளாக் கெடக்காக. இன்னைக்கு வீட்டுக்கு அனுப்புறாக. நான் கூட்டியாரப் போறேன். எம் மக சுகந்தி இருக்காளே, திருப்பூர்ல கட்டிக்குடுத்திருக்கு, அவ நேத்தே காரை வரவச்சுக்கிட்டு அங்க நிக்கிறா. அப்பாவத் திருப்பூருக்குக் கொண்டுபோறாளாம். 'இனிமே அம்மா கையில அப்பாவ விடமாட்டேன்'ங்கிறா. யாரைப் பாத்து? பெத்தவளைப் பாத்து. முப்பத்தாறு வருசம் அவுகளுக்கு ஆக்கிப்போட்ட கையி இது. விட்டுருவனா? அவுக எங்கூடத்தான் வருவாக. நீ வேணும்னா பாரு.

அப்படி என்ன பண்ணுனேன்னுதான கேக்க வர்ற? கேளு, எனக்கென்ன பயம்? ஊர்ல ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுறாளுக. நீ எவளோ சொல்லிக் கேக்குறதுக்கு என் வாயாலயே கேட்டுக்க.

நாங்க முதுகுளத்தூருக்குத் தெக்க. தண்ணி நின்னா நெல்லு, காஞ்சா வத்தல். எம் பேரு இருளாயி. எங்க ஊர்ல வந்து வத்தல்காரி வீடு எதுன்னு கேட்டா சின்னப்புள்ள கூடக் கையக் காட்டும். நான் ஆக்குற கருவாட்டுக் கொழம்பு கொதிச்சா மூணாவது வீட்டுல இருமுவாக. இருமிக்கிட்டே கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு வருவாக. அதான் என் கையி.

ஆக்குறது மட்டுமா? வைத்தியத்துக்கும் எங்கிட்டத்தான் வரணும். தொண்டை கட்டுச்சா, வெந்நீல ஒரு சிட்டிகை வத்தப்பொடி, கல்லுப்பு, நல்லாக் கொப்பளிச்சுத் துப்பு. சளி புடிச்சா கருப்பட்டியும் வத்தலும் தட்டிப்போட்டு ஒரு கசாயம், வேர்த்து ஊத்தி எறங்கிரும். காய்ச்சல்ல கெடந்து நாக்குச் செத்துப்போச்சா, வத்தலைத் தணல்ல சுட்டு, புளி உப்பு வச்சு அம்மியில ஒரு தொவையல் அரைச்சுப் பழைய சோத்துக்குக் குடு. செத்த நாக்கு எந்திரிச்சு உக்காரும். கண்ணு பட்டுச்சா, ஏழு வத்தலைச் சுத்தி அடுப்புல போடு. நெடி வந்தா ஒண்ணுமில்ல. வரலேன்னாத்தான் கண்ணு பட்டிருக்குன்னு அர்த்தம்.

அப்புறம் மூட்டுக்கு எண்ணெய். எங்கம்மா பக்குவம். நல்லெண்ணெயில வத்தலைக் கிள்ளிப்போட்டு, ஓமம் சுக்கு தட்டிப்போட்டு, ஒம்பது நாளு வெயில்ல வைக்கணும். தேச்சா எரியணும். எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். எரியலேன்னா பத்தலை, இன்னும் போடு. அம்புட்டுத்தான். எங்க ஊரு வாத்தியாரு, தபால்காரரு, பஞ்சாயத்துத் தலைவரோட ஆத்தா, எல்லாரும் என் வாசல்ல சீசாவை நீட்டிக்கிட்டு நின்னவுகதான். இன்னைக்கு ஒருத்தி வர்றாளா? மேலத்தெரு கோவிந்தம்மா ஆறு வருசமா என் எண்ணெயத் தேச்சுத்தான் மாடி ஏறுனா. போன வாரம் ஒரு எட்டு ஊருக்கு வந்திருந்தேன், அரைச் சீசா எண்ணெயத் திருப்பிக் குடுத்துட்டுப் போறா. வேண்டாமாம். 'நீ புருசன் காலுக்கு வத்தல் வச்சுக் கட்டுனவ'ங்கிறா. சீசாவை வாங்கி அவ முன்னாடியே என் முட்டியில ஊத்தித் தேச்சேன். போடின்னேன்.

நீ ஏன் மூஞ்சியத் திருப்புற? தும்மல்தான? தும்மு, தும்மு.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உனக்கு வெளங்கும். எங்க பக்கம் ஒரு பழக்கம். மறுவீட்டுக்கு வர்ற மாப்பிள்ளைக்கு மொத உருண்டைய கொழுந்தியாமாருதான் உருட்டிக் குடுப்பாளுக. வெளிய பாத்தா நெய்ச்சோறு. உள்ள வறுத்த குண்டு வத்தல் ரெண்டு ஒளிஞ்சிருக்கும். மாப்பிள்ளை தண்ணி கேட்டாருன்னு வையி, முடிஞ்சு போச்சு. ஆயுசுக்கும் அவரு 'செம்பு மாப்பிள்ளை'. எங்கக்கா புருசனுக்கு இன்னைக்கும் அதான் பேரு. பேரன் பேத்தி எடுத்துட்டாரு, இன்னும் அந்தப் பேரு போகலை.

எங்க வீட்டுக்காரருக்கும் அதேதான். எஞ் சின்னாத்தா மக பஞ்சவர்ணம் உருட்டிக் குடுத்தா. அந்தக் கழுதை ரெண்டுக்கு நாலா வச்சிருக்கா. அவுக வாங்கி வாயில போட்டாக. மென்னாக. நிப்பாட்டுனாக. மறுபடி மென்னாக. பஞ்சவர்ணம் செம்பைத் தூக்கிக்கிட்டு முன்னாடி நிக்கிறா. 'என்ன மச்சான், தண்ணி வேணுமா?' அவுக முழுங்கிட்டு, வாயத் தொடச்சுக்கிட்டு, 'ஒறைக்கவே இல்லையே'ன்னாக. வீடே கொல்லுன்னு சிரிச்சுச்சு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு பாக்குறேன். கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல. ஆனா காது ரெண்டும் செக்கச் செவேல்னு வெந்த நண்டு மாதிரி இருக்கு. வேற யாரும் பாக்கலை தாயி. நான் ஒருத்திதான் பாத்தேன்.

அன்னைக்கு ஆரம்பிச்ச ஆட்டம். தட்டுல சோத்தப் போட்டுட்டுக் கேப்பேன், ஒறைக்குதா? 'ஒறைக்கலையே.' நெசமாவா? 'நெசமாத்தான் சொல்றேன்.' காதைப் பாத்தா செவந்து கெடக்கும். மறுநாளு ரெண்டு வத்தலு கூடப் போடுவேன். அப்பவும் ஒறைக்கலையேம்பாக. நான் பாத்திரத்த எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் திரும்புன ஒடனே பானைக்குள்ள செம்பு முங்குற சத்தம் கேக்கும். கேக்காத மாதிரி இருந்துக்குவேன். முப்பத்தாறு வருசத்துல ஒரு நாளு, ஒரு வேளை, அந்த மனுசன் ஒறைக்குதுன்னு சொன்னதில்ல. நானும் விட்டதில்ல. நாங்க கொஞ்சிப் பேசுன ஆளுக இல்ல தாயி. சினிமாவுக்குப் போனதில்ல, பூ வாங்கிக் குடுத்ததில்ல. எங்களுக்கு அதான் எல்லாம்.

பார்த்திபனூரு வந்துருச்சா? இன்னும் கெடக்கு மதுரை. தண்ணி குடிக்கிறியா? இந்தா.

ஆறு வருசத்துக்கு முன்ன சக்கரைன்னாக. மாத்திரை குடுத்தாக. மொதல்ல காலு எரியுது, எறும்பு ஊருதுன்னு சொல்லிக்கிட்டிருந்தாக. அப்புறம் அதைச் சொல்லுறதை நிப்பாட்டிட்டாக. சரி, நல்லாயிருச்சுன்னு நெனச்சேன். போன கார்த்திகையில ஒரு நாளு காட்டுலருந்து வாராக, ஒரு காலுல செருப்பில்ல. எங்க செருப்புன்னேன். குனிஞ்சு பாத்துட்டு, 'அட'ன்னாக. பாதி வழியில கழண்டு விழுந்திருக்கு, அதுகூடத் தெரியாம நடந்து வந்திருக்காக. கருவேல முள்ளுப் பாதை அது. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. எவ நெனப்புல நடந்தீகன்னு கேட்டேன். அவுகளும் சிரிச்சாக.

தை மாசம் பொறந்து, 'இருளாயி, பாதம் மரத்துக் கெடக்கு, கட்டையை ஒட்டவச்ச மாதிரி இருக்கு'ன்னாக. நர்சம்மா ஊருக்கு வரும்போது காட்டணும்னாக. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஊருக்கெல்லாம் எண்ணெய் குடுக்குறவ வீட்டுக்காரரு நர்சம்மாகிட்டப் போயி காலை நீட்டுறதா? நான் எதுக்கு இருக்கேன்? அப்படித்தான் நெனச்சேன், ஒளிக்கலை. மத்தியானம் சோறு தின்னுட்டுக் கட்டில்ல சாஞ்சிருந்தாக. எண்ணெய எடுத்துக்கிட்டுப் போயி உக்காந்தேன். நல்லாச் சூடு பறக்கத் தேச்சேன்.

எரியுதான்னு கேட்டேன். 'எரியலையே'ன்னாக.

ஆரம்பிச்சிட்டாகப்பா ஆட்டத்தைன்னு நெனச்சேன். மறுநாளு எண்ணெயில பொடியக் கலந்து தேச்சேன். எரியுதா? 'எரியலை இருளாயி.' மூணாம் நாளு பழுத்த பழமாப் பாத்துப் பறிச்சு, அம்மியில வச்சு மையா அரைச்சேன். எனக்கே கையி திகுதிகுன்னு காந்துது, நீ நெனச்சுப் பாரு. பாதத்துல அப்பி, எருக்கெலைய வச்சு, பழைய வேட்டியக் கிழிச்சுக் கட்டுனேன். இப்ப? 'எரியலையே.' நெசமாவா? 'நெசமாத்தான் சொல்றேன்.'

அதே வார்த்தை தாயி. முப்பத்தாறு வருசமாச் சொன்ன அதே வார்த்தை, அதே சிரிப்பு. நீயா இருந்தா என்ன நெனப்ப? சொல்லு. நானும் சிரிச்சேன். இருங்க, இன்னைக்கு உங்களைக் கத்த வைக்கலேன்னா எம் பேரு இருளாயி இல்லைன்னு சொல்லி, இன்னும் ரெண்டு கை அள்ளி வச்சு இறுக்கிக் கட்டுனேன். அவுகளும் நீட்டுன காலை இழுக்கலை. மூணு நாளு அவுக்கலை.

கட்டுன நாலாம் நாளு வெள்ளனே துணிய அவுத்தேன். தோலு துணியோட வந்துருச்சு.

அவுக தலைய நீட்டிப் பாத்தாக. 'என்னத்தா இது'ன்னாக. அம்புட்டுத்தான். கத்தலை. மொகத்தக்கூடச் சுளிக்கலை. யாரோ ஒருத்தர் காலைப் பாக்குற மாதிரி பாத்தாக. அந்தப் புண்ணு எனக்குப் பயம் இல்ல, காட்டு வேலையில எம்புட்டோ புண்ணு பாத்தாச்சு. அவுக கத்தாம இருந்தாகளே, அதுக்குப் பயந்துதான் அன்னைக்கே மதுரைக்குக் கொண்டுபோனேன்.

என்னது? காதைப் பாத்தியான்னா?

நல்லாக் கேக்குற போ. குனிஞ்சு காலைக் கட்டிக்கிட்டு இருக்கவ காதை எப்படிப் பாப்பா? காலு கீழ இருக்கு, காது மேல இருக்கு. வேலைய விட்டுட்டு நிமிந்து நிமிந்து காதைப் பாத்துக்கிட்டு இருப்பாகளா? மூணு நாளும் பாக்கலை. அதுக்கென்ன இப்ப? அதை விடு. எல்லாரும் கேட்டாச்சு, நீதான் பாக்கி.

ஆசுபத்திரியில ஒரு டாக்டரம்மா. சின்னப் புள்ள, உன் வயசுதான் இருக்கும். துணிய விலக்கிப் பாத்துட்டு, 'யாரு மொளகாயை வச்சுக் கட்டுனது?'ன்னு கத்துனா. வார்டு பூராம் திரும்பிப் பாக்குது. நான்தான், என்ன இப்பன்னேன். 'உணர்ச்சியே இல்லாத காலும்மா இது, கொள்ளிக்கட்டையால சுட்டாக்கூட அவருக்குத் தெரியாது. தெரியாத எடத்துல இதை வச்சுக் கட்டலாமா?'ன்னா. தெரியாதுன்னா எனக்கு எப்படித் தெரியும்? 'அவரு சொல்லலையா?'ன்னு கேட்டா.

சொன்னாகன்னு சொல்லவா, சொல்லலைன்னு சொல்லவா?

பெருவெரலும் அதுக்கு அடுத்த வெரலும் போச்சு. பாதம் தப்பிச்சுச்சு. அதுவும் ஒரு வாரம் இழுபறி, முழங்காலுக்குக் கீழ எடுக்கணும், வேண்டாம், எடுக்கணும், வேண்டாம்னு. அந்த ஒரு வாரம் நான் சோறு திங்கலை, சொல்லிட்டேன். எவகிட்டயும் சொல்லலை, உங்கிட்டச் சொல்றேன்.

ஆனா ஒண்ணு கேளு. அடுத்த கட்டில்ல ஒரு பெரியவரு. அக்கி வந்து ஆறிப்போச்சு, வலி மட்டும் முதுகுல நிக்குதாம். அவருக்கு ஒரு டியூப்பு குடுத்தாக, தடவிக்கச் சொல்லி. மருந்து குடுக்குற பையன்கிட்ட, இது என்னய்யா மருந்துன்னு கேட்டேன். 'மொளகாய்ச் சத்துதாம்மா'ன்னான். விட்டேனா? எந்திரிச்சு வார்டு பூராவுக்கும் கேக்குற மாதிரி கத்துனேன். பாத்தீகளா, நான் அம்மியில அரைச்சா கொலைகாரி, நீங்க டியூப்புல அடைச்சா மருந்தான்னு கேட்டேன். அந்தப் பையன் பின்னாடியே வந்து என்னமோ சொன்னான், புண்ணு இருந்தா போடக்கூடாது, மரத்துப்போன எடத்துல போடக்கூடாது, அளவு இருக்கு, அது இதுன்னு. அதெல்லாம் நான் காதுல வாங்கலை. மொளகாய்தானன்னு கேட்டேன். ஆமான்னான். எனக்கு அது போதும்.

அந்த டாக்டரம்மா ஒரு நாளு அவுகளைக் கண்ணை மூடச்சொல்லிட்டு, நைலான் நரம்பு மாதிரி ஒண்ணை எடுத்து உள்ளங்கால்ல அங்கங்க தொட்டுத் தொட்டுக் கேட்டா. தொடுறது தெரியுதா? 'தெரியலை.' இங்க? 'தெரியலை.' இங்க? 'தெரியலை தாயி.' அவ ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டா. நெசமாவான்னு ஒரு வார்த்தை கேக்கலை. அவுக சொன்னாக, அவ எழுதிக்கிட்டா. முந்தாநாளு பாத்த மனுசனை அப்படியே நம்புறா. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

வார்டுல நர்சுப் புள்ள ஊசிக்குக் கூப்பிடும்போது, 'வழிவிட்டான்! வழிவிட்டான்!'னு பேரைச் சொல்லித்தான் கத்தும். நான் ஒரு நாளும் அந்தப் பேரைச் சொன்னதில்ல. இப்பச் சொல்லிட்டேன் பாரு, நீ கேட்ட மாதிரி வச்சுக்காத. அவுக கூப்பிட்டதும் கையைத் தூக்குவாக. ஊசி போட்டா நீட்டுவாக, மாத்திரை குடுத்தா முழுங்குவாக. எங்கிட்ட மட்டும் பேச்சில்ல. செவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவாக. பதினோரு நாளு. கோவம்னு நெனச்சேன். கோவப்படட்டும், ரெண்டு வெரலு போனவுகளுக்குக் கோவம் வராதா? திட்டிருந்தா நல்லாருந்திருக்கும். நானும் திருப்பித் திட்டிருப்பேன்.

சுகந்தி வந்தா. அவ திட்டுனா. 'உன் வத்தலையும் வைத்தியத்தையும் கொண்டுபோயிக் கண்மாயில கொட்டு'ன்னா. எம் பால்ல வளந்ததைவிட எந் தொவையல்ல வளந்தது அதிகம், அவ பேசுறா. அப்பாவத் தொடக்கூடாதுன்னா. நான் தொட்டேன். அவ முன்னாடியே போயி அவுக தலைய ஒதுக்கிவிட்டேன். அவுகளும் தட்டிவிடலை.

ஆசுபத்திரிச் சோறு அவுகளுக்கு எறங்கலை. பாதியில வச்சுருவாக. டாக்டரம்மா, 'மாத்திரையால வயித்துல புண்ணு இருக்கு, வீட்டுலருந்து கஞ்சி கொண்டாங்க, ஆனா ஒறைப்பு ஆகாது, மொளகாய் வாடையே இருக்கக்கூடாது'ன்னுட்டா. என்னையப் பாத்து அழுத்தி அழுத்திச் சொன்னா. சரின்னேன். பக்கத்துல எங்க சொந்தக்காரக வீட்டுல அடுப்பு கேட்டு வாங்கி வச்சேன். நொய்யரிசி, பாசிப்பயறு, பூண்டு. நம்ப மாட்ட, என் கையி தன்னால வத்தல் டப்பாவுக்குப் போகுது. இழுக்குறேன், மறுபடி போகுது. டப்பாவைத் தூக்கி வெளிய வச்சுட்டு வந்து கிண்டுனேன். எம் பொழப்புல மொத தடவையா வத்தல் இல்லாம ஒண்ணு ஆக்குனேன். எனக்கே வாயில வைக்க வெளங்கலை.

அது முந்தாநாளு, வத்தலை அள்ளியார நான் ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்ன. கொண்டுபோயி எந்திரிச்சு உக்கார வச்சு, கரண்டியால ஊட்டுனேன். சுகந்தி எதுத்தாப்புல நிக்கிறா, நான் எதையும் கலந்துட்டேனான்னு மோந்து பாத்துட்டு நிக்கிறா. அவுக வாயில வாங்குனாக. முழுங்குனாக. நான் ஒண்ணும் கேக்கலை தாயி. கேக்குறதுக்கு அதுல என்ன இருக்கு?

அவுகளாத்தான், நாக்கை நீட்டி, 'ஸ்ஸ்... ஒறைக்குது இருளாயி, தண்ணி குடு'ன்னாக.

சுகந்திக்கு ஒண்ணும் புரியலை. 'அப்பா, அதுல மொளகாயே இல்லப்பா'ங்கிறா. 'உனக்கென்ன தெரியும், உங்காத்தா கை அப்படி'ன்னாக. செம்பைத் தூக்கி மடக்கு மடக்குன்னு குடிச்சாக. எம் முன்னாடி. முப்பத்தாறு வருசத்துல எம் முன்னாடி.

அப்பப் பாத்தேன் காதை. நல்லாப் பாத்தேன். ரெண்டு காதும் வெளுத்துச் சாம்பலாட்டம் கெடக்கு. ஒரு பொட்டுச் செவப்பு இல்ல. ஒறைக்கலைன்னு சொன்னப்பெல்லாம் பொய்யி, நான் கண்டுபுடிச்சேன். ஒறைக்குதுன்னு சொன்னாக, அதுவும் பொய்யி, அதையும் கண்டுபுடிச்சேன். நடுவுல ஒரே ஒரு தடவை நெசத்தைச் சொன்னாக. அதைத்தான் நான் நம்பலை. வெளிய வந்து குழாயடியில உக்காந்து அழுதேன். ஓன்னு அழுதேன், வெக்கமில்லாம.

ஆனா ஒண்ணு, ஜெயிச்சது நான்தான? ஒறைக்குதுன்னு சொல்ல வச்சுட்டேன்ல? கோவம் போயிருச்சுன்னு தெரிஞ்சு போச்சு. கோவம் இருக்குறவுக அப்படிச் சொல்லுவாகளா? அதான் சொல்றேன், எங்கூடத்தான் வருவாக. இந்த வத்தலா? இது அந்த டாக்டரம்மாவுக்கு. அவளும் சோறு திங்கிறவதான? எம் மொதப் பறிப்ப அவ கையில குடுத்துட்டு, இந்தா, எதுக்கு வேணும்னாலும் வச்சுக்கன்னு சொல்லிட்டுத்தான் எங்க வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வருவேன்.

திருப்புவனம் வந்துருச்சு. இன்னும் அரைமணி நேரம்தான். இரு தாயி, போன் அடிக்குது. சுகந்திதான். இதுல பச்சையைத்தான அமுக்கணும்? அமுக்கிக் குடு.

ஹலோ. ஆங், வந்துட்டேன், திருப்புவனம்... என்னது? எப்ப? ஏன்டி, நான் வர்றேன்னு சொல்லித்தான வச்சிருந்தேன்... சரி கத்தாத, பஸ்ஸுல எல்லாரும் பாக்குறாக... அவுககிட்டக் குடு. குடுங்கிறேன்ல... ம்... ஆமா, நான்தான்... ம்... சாப்பிட்டீகளா?... ம்... சரி... சரி. மாத்திரைய மறந்துறாதீக. வச்சுருறேன்.

வையி தாயி. நீயே அமுக்கிரு.

கார்ல ஏத்திட்டாளாம். திண்டுக்கல்லு ரோட்டுல போய்க்கிட்டு இருக்காகளாம். ஆசுபத்திரியில சீக்கிரமாவே அனுப்பிட்டாகளாம். 'நீ மதுரைக்கு வரவேண்டாம், எங்க இருக்கியோ அங்கயே இறங்கி வீட்டுக்குத் திரும்பு'ங்கிறா. அவுக பேசுனாக. 'புண்ணு ஆறட்டும் இருளாயி, மூணு மாசம் போகட்டும்'னாக. யாரும் கையப் புடிச்சு இழுக்கலையாம், அவுகளாத்தான் ஏறுனாகளாம். அதையும் அவுகளே சொல்லுறாக. அப்புறம் மெதுவா, மகளுக்குக் கேக்காம, 'திருப்பூருச் சோத்துல ஒண்ணும் ஒறைக்காதுல்ல'ன்னாக.

இறங்குறதா? நான் ஏன் இறங்கணும்? மதுரைக்கு டிக்கெட்டு வாங்கியிருக்கேன். ஏறும்போதே சொன்னேன்ல, நானும் இறங்க மாட்டேன், எம் பையும் இறங்காதுன்னு. போயி டாக்டரம்மாவப் பாத்து, வத்தல்ல பாதியக் குடுத்துட்டு, அந்த நைலான் நரம்பு எந்தக் கடையில விக்குதுன்னு கேக்கணும். எங்கெங்க தொடணும்னு கேக்கணும். தெரியலைன்னு சொன்னா தெரியலைன்னு எழுதிக்கிறணும், அம்புட்டுத்தான? எனக்கு எழுதத் தெரியாது. நெனவுல வச்சுக்குவேன். அப்புறம் திருப்பூரு. பஸ்ஸு எங்க நிக்கும், மாட்டுத்தாவணியா, ஆரப்பாளையமா? ஆரப்பாளையமா, சரி. கதவைச் சாத்துனா வாசல்ல உக்காந்துக்குவேன். மூணு மாசமாம் மூணு மாசம்.

என்னத்தா அப்படிப் பாக்குற? கண்ணா? அது பை பக்கத்துல இருக்குல்ல. சேச்சே, பொறந்ததுலருந்து வத்தலோட பொழங்குறவ நான், எனக்கா எரியும்? எரியலை தாயி. நெசமாத்தான் சொல்றேன். நம்பலேன்னா இந்தா, முந்தானைய ஒதுக்குறேன், என் காதைப் பாரு.

பாத்தியா? ஏன் தாயி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற?